கிணற்றில் பினாயில் ஊற்றியவர்

அண்ணனுக்குப் பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்த பிறகு அவரைக் குளத்தூரில் என் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். நான் பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அவர் போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு பேருக்கும் துணை போய்விட்டது. காலையில் அவரைத் துடைத்துவிட்டு, கஞ்சியும் மருந்தும் கொடுத்து, துணி அலசிப் போட்டு நிமிரும்போதே எனக்கு நாள் முழுவதும் தீர்ந்துபோன மாதிரி இருக்கும். மத்தியானம் ஒரு துப்பறியும் நாவல் வாசித்துக் காட்ட வேண்டும். அவர் என்னிடம் கேட்பது அது ஒன்றுதான்.

நூலகத்தில் கிடைக்கிற பழைய நாவல்கள். பெரிய பங்களா இருக்கும், பணக்காரக் கிழவர் செத்துக் கிடப்பார், சொத்துக்குக் காத்திருக்கிற சொந்தக்காரர்கள் கீழே டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். கடைசியில் துப்பறிகிறவர் எல்லாரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, இவன்தான் என்று கைகாட்டுவார். அண்ணன் குழறுகிற நாக்கோடு சிரிப்பார்.

"இவ்வளவு யோசிச்சுச் செய்யுத ஒருத்தனையும் நான் பிடிச்சது இல்ல மக்கா. நான் பிடிச்சவனெல்லாம் செஞ்சிட்டு அங்ஙனயே முழிச்சுக்கிட்டு நின்னவனுவளாக்கும்."

போன கோடையில் பக்கத்து வீட்டுக் கிணற்றில் யாரோ பினாயில் ஊற்றினார்கள்.

அந்த வீட்டில் இருப்பது என்னைவிடக் கொஞ்சம் மூத்த ஓர் அக்கா. மகன் வளைகுடாவில். தனியாகத்தான் இருக்கிறாள். அவளுக்கு அடுத்த வீட்டில் துணி தைத்துப் பிழைக்கிற ஒரு பெண், புருஷன் இறந்துபோனவள், பள்ளிக்கூடம் போகிற மகளோடு வாடகைக்கு இருந்தாள். அந்த வீட்டுக்குக் கிணறு கிடையாது. அக்கா வீட்டுக் கிணற்றில்தான் வாளி போட்டுத் தண்ணீர் கோருவாள். கோடை முற்றியதும் அக்கா, "தண்ணி குறைஞ்சு போச்சு, இனி வராதே" என்று சொல்லிவிட்டாள். ஊரில் எல்லாரும் அக்காவைக் குறை சொன்னார்கள். குடிக்கிற தண்ணீரைப் போய் இல்லை என்பாளா என்று கடையில் பேசினார்கள்.

ஒரு வாரம் போயிருக்கும். ஒருநாள் காலை கிணற்றடியில் அக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுகிற சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். தண்ணீர் பால் மாதிரி வெளுத்து, பினாயில் வாடை மூக்கில் ஏறியது. கூடிய கூட்டம் யாரும் சொல்லாமலே தையல்காரியின் வீட்டைத் திரும்பிப் பார்த்தது. அவள் பல் தேய்த்துக்கொண்டிருந்தவள், அப்படியே வாசலில் நின்றாள்.

நான் என் வீட்டிலிருந்து ஒரு குடம் தண்ணீர் எடுத்துக்கொண்டு அக்காவின் அடுக்களைக்குப் போனேன். இறக்கிவைக்க இடம் இல்லை. அண்டா, வாளி, குடம், சோறு வைக்கிற பானை வரைக்கும் எல்லாவற்றிலும் நல்ல தண்ணீர் விளிம்புவரை நின்றது.

"இப்ப வேண்டாம் டீச்சரே, இருக்கட்டு" என்று அக்கா என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

குடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்து அண்ணனிடம் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் கண்ணைக் காட்டினார்.

"நேத்து சாயங்காலம் அவளுக்க டாங்கு நிறைஞ்சு வழிஞ்ச சத்தம் கேட்டுது. அவ காலைலதான் மோட்டார் போடுவா."

"அப்பமே சொல்லியிருக்கலாமே அண்ணா?"

"அப்பம் அது வெறும் தண்ணியாக்கும்."

அன்றைக்குச் சாயங்காலமே அக்காவிடம் போனேன். வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சுற்றிவளைக்கத் தெம்பு இல்லை. "அக்கா, நீங்களா செஞ்சிய?" என்று கேட்டேன். மறுப்பாள், சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்தாள்.

"தண்ணி கொடுக்காததுக்கு ஊரே என்னைக் கெட்டவளுன்னு சொல்லிச்சு. அவ நல்லவளாம். பின்ன நான் என்ன செய்யட்டு?"

கத்தியைத் திரும்ப எடுத்துக்கொண்டு, "தண்ணி கோருத நேரமெல்லாம் அவளும் மவளுமா என்ன சிரிப்பு! எனக்க வீட்டில ஒரு சத்தம் உண்டா டீச்சரே?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது களைப்புதான்.

மறுநாள் வார்டு மெம்பரிடம் சொன்னேன். பைக் இன்ஜினை நிறுத்தாமலே கேட்டார். "நேத்தே எல்லாரும் கூடி தையல்காரியை விசாரிச்சு, அவதான்னு சொல்லியாச்சு. இனி மாத்திச் சொன்னா நமக்குத்தான் நாணக்கேடு. விட்டுப் போடுங்க" என்றார். கடைக்காரி வெங்காயம் நிறுத்துக்கொண்டே, "அப்படியும் இருக்கும்" என்றாள். இரண்டு மூன்று வீடுகளில் சொன்னேன். ஒருவரும் நம்ப மாட்டேன் என்று சொல்லவில்லை. நம்பிய பிறகும் அந்தப் பெண்ணிடம் துணி தைக்கக் கொடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் மகளைப் பிள்ளைகள் 'பினாயில்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். மழை தொடங்கும் முன்பே தாயும் மகளும் வீட்டைக் காலி செய்து, அம்பூரியில் அவளுடைய அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அண்ணனைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை ஏற்பாடு செய்துவிட்டு ஒருநாள் அம்பூரிக்குப் போனேன். பஸ் மேடேறி ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இறக்கிவிட்டது. அவள் எனக்குப் பால் இல்லாத கட்டன்சாயா போட்டுக் கொடுத்தாள். அக்கா ஒப்புக்கொண்டதைச் சொன்னேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் டீச்சரே."

"பின்ன ஏன் சொல்லல்ல?"

"நீ செஞ்சியான்னுதான் எல்லாரும் கேட்டாவ. யாரு செஞ்சிருப்பான்னு என்கிட்ட ஒருத்தரும் கேக்கல்ல."

"திரும்பி வா. நான் உன்கூட நிக்கேன்."

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். "அந்த அக்கா ஒருத்தரைன்னா நான் பொறுத்துப்பேன். மத்தவங்க முகத்தில தினமும் முழிக்கணுமே. சாரமில்ல, விடுங்க டீச்சரே, மவளுக்கு இங்க பள்ளிக்கூடம் பிடிச்சுப் போச்சு." கிளம்பும்போது ஒரு பொதி மரச்சீனிக்கிழங்கு கட்டிக் கொடுத்தாள். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனேன்.

கிணற்றை இறைத்துக் கழுவினார்கள். மழை பெய்து தண்ணீர் ஏறியது. தையல்காரி இருந்த வீட்டில் இப்போது ஒரு பாங்கு ஊழியர் குடும்பம் இருக்கிறது. அவர்கள் குழாய்த் தண்ணீர் எடுக்கிறார்கள், கிணற்றடிக்கு வருவதில்லை.

அக்கா முன்பு போலவே என் வீட்டுக்கு வருகிறாள். வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. அண்ணனுக்கு முதுகில் புண் வராமல் இருக்க அடிக்கடி புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். என் ஒருத்தியால் அது ஆகாது. கூப்பிட்டால் வருகிற தூரத்தில் அவள் ஒருத்திதான். அவள் தோளைப் பிடிக்க, நான் இடுப்பைப் பிடிக்க, அண்ணனைச் சுவர்ப்பக்கம் திருப்புகிறோம். வலிக்காமல் பிடிக்க அவளுக்குத்தான் நன்றாகத் தெரிகிறது. அவர் அவளைப் பார்த்து, "மெதுவா" என்பார். அவளும் மெதுவாகத்தான் செய்வாள்.