புற்றுமண் தொட்ட கன்னம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாக யோசித்துக்கொண்டே இருந்தேன். எழுதினால் சிலர் சிரிப்பார்கள், சிலர் கூடக் கொஞ்சம் சேர்த்துக் கதை கட்டுவார்கள் என்று பயம். இந்தத் தடவை ஆடித்தபசுக்குக் கொடி ஏறியதும் துணிந்துவிட்டேன்.

நாங்கள் சங்கரன்கோவில். என் வீட்டுக்காரர் கல்யாண ஊர்வலத்துக்காக ஒரு வெள்ளைக் குதிரை வளர்க்கிறார். பெட்டைக் குதிரை. எங்களுக்குப் பெண்பிள்ளை இல்லை, அதனால் நான் அதை 'மக்கா' என்றுதான் கூப்பிடுவேன். ஒரு மாசி மாதம் அது தீனியைக் குறைத்தது. புல்லை மெல்லும், பாதி மென்றதும் உருண்டையாகக் கீழே துப்பிவிடும். வயிற்றுக் கோளாறு என்று எல்லோரும் சொன்னதால் ஓமமும் பெருங்காயமும் கரைத்து ஊற்றினோம். ஒன்றுக்கும் கேட்கவில்லை. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு தரகர் வந்து பார்த்தார். "இது தேறாது வே. உசிரு இருக்கும்போதே வித்துத் தள்ளிவிட்ரும்" என்று இவரிடம் சொன்னார். இவரும் குதிரையை ஏற்றிப்போக வெள்ளிக்கிழமை வண்டி கொண்டுவரச் சொல்லிவிட்டு, அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

நான் கோமதி அம்மன் சந்நிதியில் போய் அழுதேன். புற்றுமண் வாங்கி வந்தேன். எங்கள் ஊரில் உடம்புக்கு எது வந்தாலும் முதல் மருந்து அதுதானே. தண்ணீரில் குழைத்துக் குதிரையின் வயிற்றில் பூசினேன். சும்மா நின்றது. மனசு கேட்காமல் கழுத்து, முகம் என்று பூசிக்கொண்டே போனேன். கன்னத்தில் விரல் பட்டதும் தலையை வெட்டி இழுத்தது. அடுத்த கன்னத்தைத் தொட்டேன். அதற்கும் அப்படித்தான்.

"ஏங்க, இதுக்கு வயிறு இல்ல, வாயிலதான் என்னமோ இருக்கு" என்றேன்.

"புத்துமண்ணு வந்து ஒங்கிட்ட சொல்லிச்சாக்கும்?" என்றார். சொன்னாரே தவிர, அப்போதே வண்டியை எடுத்துப் போய்க் கால்நடை மருத்துவரைக் கூட்டி வந்துவிட்டார்.

அந்த டாக்டரம்மா மயக்க ஊசி போட்டு, வாய் மூடாமல் இருக்க ஒரு இரும்புச் சட்டத்தை மாட்டினார். உள்ளே தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டு, "அக்கா, லைட்டைப் பிடிச்சிக்கிட்டு நீங்களே பாருங்க" என்றார். பார்த்தேன். கடைவாய்ப் பல்லின் ஓரமெல்லாம் அரிவாள் விளிம்பு மாதிரி நின்றது. இரண்டு கன்னமும் உள்ளே கிழிந்து புண். குதிரைக்குப் பல் வயசானாலும் மேலே வந்துகொண்டே இருக்குமாம். புல்லை அரைக்க அரைக்கத் தேயுமாம். தேயாத ஓரம் இப்படிக் கத்தியாகிவிடுமாம். இந்தப் புண்ணோடு கடிவாளத்தையும் கடித்துக்கொண்டு எத்தனை மாப்பிள்ளைகளைச் சுமந்து நடந்திருக்கிறது!

நீளக் கம்பி வைத்த அரத்தால் ராவினார். நகம் வெட்டுவது போலத்தான், வலிக்காது என்றார். பல் தூள் அவர் கையெல்லாம் திருநீறு மாதிரி படிந்தது.

மயக்கம் நன்றாகத் தெளிந்த பிறகு பச்சைப்புல் வைத்தோம். மெதுவாக மென்றது. நாங்கள் தரையையே பார்த்துக்கொண்டு நின்றோம். விழுங்கியது. கீழே ஒரு உருண்டைகூட விழவில்லை. இவர் அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை வந்த வண்டி வெறுமனே திரும்பிப் போனது.

இப்போது வருஷம் தவறாமல் அதன் பல்லை டாக்டரம்மாவிடம் காட்டிவிடுகிறோம். இதைப் படிக்கிறவர்கள் குதிரை வைத்திருக்கிறவர்களுக்குச் சொல்லுங்கள். ஆனால் அம்மனே வந்து பல்லை ராவினாள் என்று சேர்க்க வேண்டாம், டாக்டர் மட்டும்தான் காப்பாற்றினார் என்று அம்மனை எடுத்துவிடவும் வேண்டாம். வலிக்கிற இடத்துக்கு என் விரலை யார் கொண்டுபோனது என்று எனக்குத் தெரியும், அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள்.