மாமன் மடி

கமிட்மெண்ட் என்று யாராவது வாயெடுத்தால் எனக்கு இன்றைக்கும் காது எரியும். ஆபீஸில் நாளுக்குப் பத்து தடவை எரிகிறது.

எல்லாம் மாமாவால் வந்த வினை. அம்மாவின் ஒரே தம்பி அவர், சென்னையில் வேலை. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். அந்த மடி கிடைக்காமல் என் காதுகுத்து இரண்டு முறை தள்ளிப்போனது. இரண்டு முறையும் அவருக்குக் கமிட்மெண்ட். அப்படியென்றால் என்னம்மா என்று கேட்டேன். "பெரிய வேலைடி" என்றாள், பெருமையாகத்தான். ஏழு வயதுப் பிள்ளையை மூளிக்காதோடு வைத்திருக்கிறாளே என்று அப்பாவின் தங்கை, என் அத்தை, ஜாடை பேசுவாள். "எந்தம்பி வாக்கு குடுத்துருக்கான், வருவான்" என்பாள் அம்மா.

மூன்றாம் முறை மயிலம் கோயிலில் நாள் குறித்தார்கள். கூட்டேரிப்பட்டிலிருந்து சொந்தமெல்லாம் வேன் ஏறி வந்துவிட்டது. பத்தர் ஊசியோடு உட்கார்ந்திருந்தார். நல்ல நேரம் முடியக் கால் மணி இருக்கையில் அம்மாவின் போன் அடித்தது, எடுத்தது நான். "அம்மாகிட்ட சொல்லும்மா, மாமாவுக்கு ஒரு கமிட்மெண்ட், வர முடியல" என்று சொல்லி வைத்துவிட்டார். ஓடிப்போய் அம்மாவின் காதில் ஓதினேன்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் வந்து நின்றாள். "தம்பிக்கு நேத்துலேர்ந்து காய்ச்சலாம். எழுந்துக்கவே முடியலையாம்."

அத்தைகூட "ஐயோ பாவம்" என்றாள். அதோடு போயிருக்கும். எனக்குத்தான் நாக்கு நிற்கவில்லை. பெரிய சொல் ஒன்று தெரிந்துவிட்ட பீற்றல் வேறு. "காய்ச்சல் இல்ல அத்தை! மாமாவுக்குக் கமிட்மெண்ட்!" என்று கோயிலே கேட்கக் கத்தினேன்.

அத்தை சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "அப்படி என்னா அண்ணி கமிட்மெண்ட்டு, அக்கா பொண்ணு காதைவிடப் பெருசா?"

அன்று அவர் சென்னையில்கூட இல்லை. பக்கத்தில், திண்டிவனத்தில், மச்சினி வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் பந்தி விசாரித்துக்கொண்டிருந்தார், சண்டாளன். அது எனக்கு வளர்ந்த பிறகுதான் தெரிந்தது.

அம்மா என்னை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. யாரையும் பார்க்காமல் சப்பணமிட்டு உட்கார்ந்து, என்னைத் தன் மடியிலேயே இழுத்துப் போட்டுக்கொண்டாள். "குத்துங்க பத்தரே."

ஊசி இறங்கும்போது என் தோளில் சொட்டுச் சொட்டாக ஏதோ விழுந்தது. அண்ணாந்து பார்த்தேன். அம்மா அழுதுகொண்டிருந்தாள். என் காதுக்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்: "வலிக்கவே இல்லம்மா."