சோப்பு போட்டால் சிவக்கும் நாடா

காஞ்சிபுரத்தில் பிறந்து, வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு நான்கு தறி வைத்திருந்தும், வாழ்நாளில் ஒரு பட்டுப்புடவைகூட நெய்யாதவன் நான். நான் நெய்தது நாடா. பாவாடை நாடா, தலையணை உறை நாடா, கொசுவலை நாடா. பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு முழுக்கப் பட்டு. மெட்ராசிலிருந்து கல்யாணப் புடவை எடுக்கக் காரில் வருகிறவர்கள் சில சமயம் வாசல் மாறி என் கொட்டகைக்குள் நுழைந்துவிடுவார்கள். விரல் அகலத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பருத்தி நாடாவைப் பார்த்ததும் அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். நானே அடுத்த வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டு, "எந்தப் புடவை எடுத்தாலும் உள்ள என்னை நம்பித்தாம்மா நிக்கணும்" என்று சொல்லி அனுப்புவேன். ஒருவரும் சிரித்ததில்லை. நான் சிரித்துக்கொள்வேன்.

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தவனுக்கு அழுகை வருகிற காலமும் வந்தது. சீனச் சண்டை முடிந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். மில்லில் நெய்த நாடா கடைக்கு வந்துவிட்டது. மெல்லிசு, மழமழப்பு, விலையும் குறைவு. என் நான்கு தறியில் இரண்டு தூங்கின. முசரவாக்கத்திலிருந்து வந்து நெய்துகொண்டிருந்த இரண்டு பேரும், "சொல்லி அனுப்புங்க, வரோம்" என்று போய்விட்டார்கள். சொல்லி அனுப்ப எனக்கு ஒரு சேதியும் இல்லை.

சேதி வைத்திருந்தவர் என் மைத்துனர், என் மனைவியின் அண்ணன். வாலாஜாபாத்தில் அரிசி மில் வைத்திருந்தார். குரலும் மில் மாதிரியே இருக்கும், உமி பறக்கும்.

"மாப்ளே, ஐப்பசி வரைக்கும் பாரு. அப்புறம் தறிங்களை வித்துட்டு நம்ம மில்லுக்கு வந்துடு. பில்லு எழுத ஆள் வேணும். உனக்குன்னு ஒரு மேஜை வாங்கிப் போட்டுக்கீறேன் பா."

மில்லுக்குப் போய் மேஜையைப் பார்த்தேன். நல்ல தேக்கு. அவர் நாற்காலிக்கு நேர் எதிரே போட்டிருந்தார். காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம்வரை நான் அவர் முகத்தையும், அவர் என் முகத்தையும் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

முடி வெட்டிக்கொள்ளப் போன கடையில் கிடந்த பேப்பரில்தான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. ராணுவத்துக்குக் கொசுவலை தைக்கக் காக்கி நிறத்தில் பருத்தி நாடா வேண்டுமாம். சிறுதொழில் செய்கிறவர்களும் விண்ணப்பிக்கலாமாம். பாதி வெட்டிய தலையோடு நிமிர்ந்து உட்கார்ந்தேன். சிப்பாய்க்கும் கொசு கடிக்கும் என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

விண்ணப்பம் வாங்க மெட்ராஸ் போனேன். அது விண்ணப்பம் இல்லை, புஸ்தகம். நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன், தேறினேனா என்று மட்டும் கேட்காதீர்கள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாலு நாள் படித்தேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் நான்கு நகல். எல்லாவற்றையும் தாண்டிப் பதினோராவது கேள்வியில் வண்டி நின்றது. 'இதற்கு முன் ராணுவத்துக்குச் சப்ளை செய்த அனுபவம் உண்டா? சான்று இணைக்கவும்.'

மறுபடி மெட்ராஸ். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தாவைக் கேட்டேன்.

"சார், முன்ன குடுத்தாதானே அனுபவம்?"

"ஆமா."

"நீங்க ஆர்டர் குடுத்தாதானே நான் குடுக்க முடியும்?"

"அனுபவம் இருந்தாதான் ஆர்டர்."

"இது இன்னா சார், கல்யாணப் பொண்ணுகிட்ட முன்ன குடித்தனம் பண்ணதுக்கு சர்டிபிகேட்டு கேக்கற மாதிரி இருக்குது?"

அவர் சிரிக்கவில்லை. "பெரிய கம்பெனிங்க எல்லாம் வெச்சிருக்காங்க. இல்லேன்னா இல்லேன்னு எழுதுய்யா. அடுத்த ஆள்!"

'இல்லை' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. 'இருபது வருஷமாகப் பாவாடை நாடா செய்கிறேன். முக்கியமான பொறுப்பு. இதுவரை அவிழ்ந்ததாகப் புகார் இல்லை' என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மனைவியிடம் படித்து அர்த்தம் சொன்னேன்.

"ஜெயில்ல போடுவாங்க உங்களை" என்றாள்.

அடுத்த கஷ்டம் நிறம். மாதிரிக்கு ஒரு சின்னக் காக்கித் துண்டு கொடுத்திருந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு சாயக்கார பாயிடம் போனேன். பாயின் கைக்குப் பாலாற்றுத் தண்ணீரும் பட்டும் அத்துப்படி. மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, மயில்கழுத்து, எதைச் சொன்னாலும் கொண்டுவந்துவிடுவார். காக்கித் துண்டை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"மொதலாளி, காக்கின்னா எங்க பேச்சுல புழுதின்னு அர்த்தம். நாப்பது வருஷமா துணியில புழுதி படாம பாத்துக்கினு இருக்கேன். நீ புழுதியையே சாயமா போடச் சொல்றியே, நியாயமா இது?"

"தேசத்துக்காக பாய்."

"தேசத்துக்குன்னா சரி. உனக்குன்னா போட மாட்டேன்."

ஆறு தடவை தோய்த்தார். ஏழாவது தடவை, மாதிரித் துண்டு எது, எங்கள் நூல் எது என்று எங்களுக்கே தெரியவில்லை. அதை நெய்து முடித்தபின், பலம் பார்க்க வேண்டும். இத்தனை எடை தாங்க வேண்டும் என்று விதி. அதைச் சோதிக்கிற இயந்திரம் பெரிய மில்களில்தான் உண்டு. எங்களிடம் இருந்தது கொட்டகை உத்திரமும் என் மைத்துனரும். அவர் ஒரு அரிசி மூட்டையோடு வண்டியில் வந்து இறங்கினார். நாடாவை உத்திரத்தில் கட்டி, நுனியில் ஒரு பையைத் தொங்கவிட்டு, படி படியாக அதில் அரிசியைப் போட்டோம். விதியில் சொன்ன எடை வந்துவிட்டது. அறுபடவில்லை. மைத்துனர், "இன்னும் ரெண்டு படி போடு, இன்னும் ரெண்டு" என்று போட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் நாடா தாங்கியது, பைதான் கிழிந்தது. கொட்டகை முழுக்க அரிசி.

"பை நம்ம ஊர்து. தரமில்லை" என்றார் மைத்துனர்.

மூன்று மீட்டர் மாதிரியை வெட்டி, சுற்றி, அரக்கு முத்திரை வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். தபாலாபீஸிலிருந்து வீடு திரும்புகையில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். பட்டுக்காரர்கள் இரண்டு பேருக்கு 'ஜெய்ஹிந்த்' வைத்தேன்.

புரட்டாசி பாதியில் பதில் வந்தது. ஒரே பக்கம். அகராதி தேவைப்படவில்லை. 'பலம்: திருப்தி. நிறம்: சோப்பு நீரில் துவைத்தபோது மாதிரியின் ஒரு முனை சிவப்பாக மாறியது. ஆகையால் நிராகரிக்கப்படுகிறது. ஆட்சேபம் இருந்தால் பதினைந்து நாளுக்குள் நேரில் வரவும்.'

என் மூளை அன்றைக்கு ஓடிய ஓட்டத்துக்கு என் தறி ஓடியிருந்தால் நான் லட்சாதிபதி. சிவப்பு! அப்போது சிவப்பு என்றால் எந்த தேசம் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். நம் சிப்பாய் எல்லையில் கொசுவலையைத் துவைத்துக் காயப்போடுகிறான்; அது மெல்ல மெல்லச் சிவந்து அந்தப் பக்கத்துக் கொடி மாதிரி பறக்கிறது; கர்னல் தொலைநோக்கியில் பார்க்கிறார்; 'இந்த நாடாவை நெய்தவன் எவன்?' என்கிறார். அன்று மத்தியானம் தெருவில் ஒரு ஜீப் போனது. மாட்டு டாக்டருடையதாம். அது தெரியவந்தபோது நான் பாவு நூல் கட்டுக்குப் பின்னால் குந்திக்கொண்டிருந்தேன்.

பயத்தில் இருக்கிறவன் செய்கிற முதல் வேலை, பழியைப் போட ஆள் தேடுவது. பாயிடம் போய்க் கத்தினேன்.

"நாடு சிரிக்கும்படி பண்ணிட்டியே பாய்! எந்தச் சட்டியில தோச்சே? குங்குமச் செவப்புத் தோச்ச சட்டியைக் கழுவாமலே போட்டுட்டியா?"

பாய் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்து, தான் மட்டும் போட்டுக்கொண்டார், எனக்கு வெற்றிலை தரவில்லை. இருபது வருஷத்தில் அது முதல் தடவை. அதற்குப் பதில் அவர் என்னை அடித்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்து, அதே நாடாவில் மீதி இருந்ததை வாளியில் போட்டு சோப்பால் கும்மினேன். காக்கி காக்கியாகவே இருந்தது. சலவைச் சோடா போட்டேன். கொதிக்க வைத்தேன். புழுதி நிறம் அசையவில்லை. மனைவி சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க, என் சோப்பு முழுக்க அதுலயே கரைச்சிடுவீங்களா?"

"ஒரு முனையில செவக்குதாம்டீ. இங்க செவக்க மாட்டேங்குது!"

"எந்த முனையில?"

"ஏதோ ஒரு முனை. அதை வெச்சு நீ இன்னா பண்ணப் போறே?"

நிமிர்ந்து பார்த்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"புதுத்துணி... மொத மொதல்ல நல்ல காரியமா வெளியே போவுது..." என்றாள். "வெறுமனே அனுப்புவாங்களா யாராச்சும்? ஒரு முனையில மஞ்சள் தொட்டு வெச்சேன்."

காக்கியின் மேல் மஞ்சள் யார் கண்ணுக்குத் தெரியும்? முத்திரை வைத்த எனக்கும் தெரியவில்லை, ராணுவத்துக்கும் தெரியவில்லை. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும், அதுதான் ஆரத்தி. மஞ்சள் புடவையில் சோப்பு பட்டாலும் அப்படித்தான் என்று இந்த ஊரில் துவைக்கிற எல்லோருக்கும் தெரியும். துவைக்காத எனக்குத்தான் தெரியவில்லை. ராணுவ ஆய்வுச்சாலையில் எங்கள் வீட்டு நாடா தனக்குத்தானே ஆரத்தி எடுத்துக்கொண்டிருக்கிறது.

ஓடிப்போய் பாயின் முன்னால் நின்றேன். நடந்ததைச் சொல்லி, "என்னைச் செருப்பால அடி பாய்" என்றேன்.

"செருப்பு புதுசு" என்றார் பாய். பெட்டியைத் திறந்து வெற்றிலையை நீட்டினார். "என் சாயத்தைச் சந்தேகப்பட்டான்ல, அவனை நான் பாக்கணும். எப்பப் போறோம்?"

மறுநாள் விடியற்காலை ரயில். வாலாஜாபாத் வந்ததும் ஜன்னல் வழியே மைத்துனரின் மில் புகைபோக்கி தெரிந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். "மேஜை தெரியுதா?" என்றார் பாய்.

மெட்ராஸ் ஆபீஸ் வாசலில் துப்பாக்கியோடு காவல்காரன். என் சட்டைப்பையைத் தடவி ஒரு பொட்டலத்தை எடுத்தான்.

"இது என்ன தூள்?"

"ம... மஞ்சள்" என்றேன். வீட்டில் கேட்டால் பளிச்சென்று வருகிற வார்த்தை, அங்கே மூன்று தடவை தடுக்கியது.

"மஞ்சள் எதுக்கு ஆபீசுக்கு?"

"ஆரத்தி எடுக்க" என்றேன், உண்மையைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நம்பி. அவன் துப்பாக்கியைத் தோள் மாற்றினான். பாய் குறுக்கே வந்து, "சமையலுக்கு பா. இவரு வீட்டுக்காரம்மா வாங்கியாரச் சொல்லிக்கீறாங்க" என்றார். அதற்கு விட்டான்.

உள்ளே அதிகாரி கண்ணாடி போட்டவர், நம் பக்கத்துக்காரர்தான். மேஜையில் என் நாடா, ஒரு முனை சிவந்து, நூலில் கட்டிய சீட்டோடு கிடந்தது. கொலை வழக்கில் கத்தியை வைப்பார்களே, அதுபோல. நான் மனப்பாடம் செய்து வந்த இங்கிலீஷ் வாக்கியம் அதைப் பார்த்ததும் ஆவியாகிவிட்டது. பேசாமல் பொட்டலத்தைப் பிரித்தேன். பாய் தன் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு டப்பாவை எடுத்து வைத்தார். அதிகாரியின் டீ கோப்பையின் தட்டைக் கேட்காமலே எடுத்து, கூஜாத் தண்ணீரை ஊற்றி, மஞ்சளைப் போட்டு, விரல்நுனியால் சுண்ணாம்பைத் தொட்டுக் கலக்கினேன். தட்டு இரத்தமாகச் சிவந்தது. வீட்டிலிருந்து கொண்டுவந்த மீதி நாடாவை எடுத்துப் பாதியில் மஞ்சள் தடவி அதில் நனைத்தேன். அந்தப் பாதி சிவந்தது. மறுபாதியை நனைத்து, அதிகாரியின் கைகழுவும் சோப்பில் தேய்த்துப் பிழிந்து காட்டினேன். புழுதி. பாயின் சுத்தமான புழுதி.

பழக்க தோஷத்தில் அந்தத் தட்டை அதிகாரியின் முகத்துக்கு நேரே மூன்று சுற்றுச் சுற்றிவிட்டேன் என்று பாய் பிற்பாடு ஊரெல்லாம் சொன்னார். ஒரே சுற்றுதான்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"யார் தடவினது?"

"வீட்டுக்காரி சார். நல்லது நடக்கணும்னு."

"நல்லாத்தான் நடந்திருக்கு." சிரிப்பை எங்கேயோ மடித்து வைத்துக்கொண்டு பேசினார். "ரெண்டாவது சாம்பிள் வாங்க விதி கிடையாது. ஆனா மொதல் சாம்பிள்ல இன்னும் ரெண்டே முக்கால் மீட்டர் இருக்கு. அதை டெஸ்ட் பண்ண விதி தடுக்கலை." பிறகு என் விண்ணப்பத்தைப் புரட்டினார். பதினோராவது கேள்வியில் விரல் நின்றது. என் உயிரும் அங்கேயே நின்றது.

"அவிழ்ந்ததா புகாரே இல்லையா?"

"ஒண்ணுகூட இல்லை சார்."

"அனுபவம் இல்லாத சின்ன யூனிட்டுக்குச் சோதனை ஆர்டர்னு கொஞ்சமா குடுக்கலாம். அது சரியா வந்தா அதுவே அனுபவம். இதை அந்த ஜன்னல்ல யாரும் சொல்லலையா?"

அந்த ஜன்னலில் இருந்தவரைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. எனக்கு அப்போது ஆரத்தித் தட்டை எங்கே ஊற்றுவது என்பதுதான் பிரச்சினையாக இருந்தது. "வாசல்ல ஊத்திட்டுப் போங்க, அதானே முறை" என்றார் அதிகாரி. காவல்காரன் பார்த்துக்கொண்டிருக்க ஊற்றினேன்.

ஐப்பசி பிறக்க மூன்று நாள் இருக்கையில் சோதனை ஆர்டர் வந்தது. சின்ன ஆர்டர்தான், ஆனால் முசரவாக்கத்துக்குச் சொல்லி அனுப்ப எனக்கு ஒரு சேதி கிடைத்தது. நான்கு தறியும் ஓடின. முதல் கட்டு அனுப்புகிற அன்று, மஞ்சள் கிண்ணத்தோடு மனைவி நின்றாள். கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் "வேணாம்மா!" என்றோம்.

"நாடாவைத் தொடலை. மரப்பெட்டியை யாரும் துவைக்க மாட்டாங்க இல்ல?" என்று பெட்டியின் நான்கு மூலையிலும் வைத்தாள். அதற்கு விதி எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கட்டு ஏறிப்போன மறுவாரம் வாலாஜாபாத்திலிருந்து ஒரு மாட்டுவண்டி வந்தது. மேலே அந்தத் தேக்கு மேஜை, பக்கத்தில் மைத்துனர்.

"நாடா சுத்த, கட்டு கட்ட உனக்கு இடம் வேணுமில்ல மாப்ளே? மில்லுல எடத்த அடைச்சிக்கினு இருக்குது" என்றார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. நான்கு பேர் பிடித்துக் கொட்டகைக்குள் இறக்கினோம். என் தறிக்கு நேர் எதிரே போடப் போனார்கள்.

"சுவர்ப் பக்கம் திருப்பிப் போடுங்கப்பா" என்றேன்.