சத்தமில்லாத ஃபேனைத் தேடி

கம்ப்யூட்டர் விற்கிறவன் வேகத்தைப் பற்றிப் பேசுவான். வாங்கியவர் சத்தத்தைப் பற்றிப் பேசத் திரும்பி வருவார்.

தென்காசியில் கடை போட்டு உட்கார்ந்த பிறகுதான் எனக்கு இது புரிந்தது. அதற்கு முன் ஒரு நாளிதழுக்குச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். அங்கே இயந்திரம் சத்தம் போட்டால் பேப்பர் அச்சாகிறது என்று நிம்மதியாகப் படுக்கலாம். இங்கே இயந்திரம் சத்தம் போட்டால் போன் வரும். டிபன் பாக்ஸ் அளவுப் பெட்டிக்குள் ஒரு முழுக் கம்ப்யூட்டரைத் திணித்து விற்கும் சக கடைக்காரர்களே, அதை வாங்கி மேஜையில் வைத்துக்கொண்டு காதைப் பொத்தியிருக்கும் அன்பர்களே, இது நம்மைப் போன்றவர்களுக்காக எழுதியது. எல்லாம் ஒரே சாரல் சீசனில், பெரும்பாலும் ஒரே வாரத்தில் நடந்தவை.

பெட்டி வாசித்த பாடம்

ஷமீமா கடையநல்லூர்க்காரப் பெண். கணவர் வளைகுடாவில் ஏசி மெக்கானிக். ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வீட்டிலேயே இருந்தவருக்கு, பள்ளிப் பாடங்களைக் குரலில் பதிவு செய்து விற்கும் ஒரு சென்னை நிறுவனத்தில் வேலை கிடைத்தது. வீட்டிலிருந்தே வாசித்து அனுப்பலாம். சொந்தமாகக் கிடைத்த முதல் வேலை. அதற்காக என் கடையில்தான் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் வாங்கினார். மேஜையில் இடம் அடைக்காது, கைப்பையில்கூடப் போகும் என்று நான் சொன்னதெல்லாம் உண்மைதான். உள்ளே ப்ராசசரைக் குளிர்விக்க ஒரு சின்ன ஃபேன் ஓயாமல் சுற்றும் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

இரண்டு பதிவுகள் திரும்பி வந்துவிட்டன. பின்னணியில் இரைச்சல். மூன்றாவதை வெள்ளிக்கிழமை மாலைக்குள் அனுப்ப வேண்டும், அதிலும் இரைச்சல் இருந்தால் வேறு குரலைப் பார்த்துக்கொள்வோம் என்று பணிவாகவே சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை காலை ஷமீமா பெட்டியோடு வந்து, ஹெட்போனை என் காதில் மாட்டச் சொன்னார். தாவரங்கள் எப்படி உணவு தயாரிக்கின்றன என்று அழகாகத்தான் வாசித்திருந்தார். ஆனால் ஒவ்வொரு வாக்கியம் முடியும் இடத்திலும் ஒரு கொசு ரீங்காரம் போட்டது. நான் ஹெட்போனைக் கழற்றியதும் அவர் சொன்னார்: "அண்ணாச்சி, நான் வாசிச்சத யாரும் குறை சொல்லல. உங்க பெட்டி வாசிக்கதத்தான் வேண்டாங்காங்க."

போட்டியில் முதல் இடம்

கடையில் எனக்குக் கூட்டாளி இசக்கி. திருப்புளி பிடிப்பதில் கெட்டிக்காரர். என்னைவிடப் பத்து வயது இளையவர், நம்பிக்கையில் இருபது வயது இளையவர். பெட்டியோடு வந்த ஃபேன், விலை மலிந்த ஒன்று, நடுத்தரமாக ஒன்று, அட்டைப் பெட்டியிலேயே 'சத்தமே வராது' என்று சத்தியம் செய்த உயர்ந்த விலை ஃபேன் ஒன்று, ஆக நான்கு பேரைக் களத்தில் இறக்கினோம். ஷமீமா விட்டுப்போன பெட்டியில் ஒவ்வொன்றாக மாட்டி, கம்ப்யூட்டரைச் சூடாக்கவென்றே இருக்கும் ஒரு புரோகிராமை ஓடவிட்டு, சூட்டைத் திரையிலும் சத்தத்தைச் செல்போன் மீட்டரிலும் பார்ப்பது என்று ஏற்பாடு. ஃபேன் இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறையும் எச்சரிக்கை போட்டு நின்றுகொள்ளும். கழற்றி மாட்டும்போதெல்லாம் அதோடு மல்லுக்கட்ட முடியாது என்று அந்த எச்சரிக்கையை முதலிலேயே நான் அணைத்துவைத்தேன்.

கடை மேற்குப் பார்த்தது. வெளியே சாரல், செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றில் சுவர்க் காலண்டர் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. எந்த ஃபேனைப் போட்டாலும் சூடு ஏறவே இல்லை. மலிவானது மட்டும் மாவு மில் மாதிரி கத்தியது. உயர்ந்த விலை ஃபேன் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அதற்கு மேல் யோசிக்க எங்களுக்குத் தோன்றவில்லை. இசக்கி வென்ற ஃபேனை உள்ளங்கையில் வைத்து எனக்குக் காட்டினார்: "இத மாட்டிட்டு நாம கடையநல்லூர்ல பிரியாணி சாப்பிட்டுட்டு வந்துரலாம், அண்ணாச்சி."

செத்துப்போன கம்ப்யூட்டர்

அதே வகை உயர்ந்த ஃபேன் இன்னொன்றும் கையில் இருந்தது. அதைச் சுந்தரபாண்டியபுரத்தில் உரக்கடை வைத்திருக்கும் ஒரு பெரியவருக்குப் போட்டுக் கொடுத்திருந்தோம். அவருடைய பழைய ஃபேன் அத்தனை சத்தம். உர மூட்டைத் தூசி தின்று தின்று அதற்கு இருமலே வந்துவிட்டது. புதன்கிழமை காலை போன்: கம்ப்யூட்டர் செத்துப்போய்விட்டது, உடனே வரவும்.

வழியில் சூரியகாந்தி வயலுக்கு நடுவே கல்யாண ஜோடி ஒன்று படம் எடுத்துக்கொண்டிருந்ததால் சாலையில் கார்கள் நின்று, போய்ச் சேரத் தாமதம். போனால் கம்ப்யூட்டர் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. திரையை யாரோ அணைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். போட்டுக் காட்டினேன். ஃபேன் எவ்வளவு அமைதி பாருங்கள் என்று பெருமையாகச் சொன்னேன். பெரியவர் குனிந்து காதை வைத்துப் பார்த்தார். முகத்தில் திருப்தி இல்லை. "அது சரி, சத்தம் இல்லாட்டா ஓடுதா நிக்குதான்னு மனுசன் எப்படிய்யா நம்புதது? பழசையே தொடச்சி மாட்டிரும்."

மாட்டிவிட்டேன்; காசு கொடுத்ததாயிற்றே என்று புதியதை அவர் மேஜை இழுப்பறையில் போட்டுக்கொண்டார். இருமல் கேட்டதும்தான் அவர் காத்திருந்தவர்களுக்குப் பில் போட உட்கார்ந்தார்.

அருவிக்கரை மீட்டர்

அங்கிருந்து நேரே குற்றாலம். அருவிக்குக் கூப்பிடு தூரத்தில் லாட்ஜ் நடத்தும் சண்முகவேல் அண்ணாச்சி, தன் வரவேற்பு மேஜைக் கம்ப்யூட்டர் சூட்டில் அடிக்கடி நின்றுபோகிறது என்று சொல்லியிருந்தார். திறந்து பார்த்தால் ஃபேன் இறக்கைகளில் ஒரு விரல் தடிமனுக்குக் கறுப்புப் பிசின். லாட்ஜ் வாசலில்தான் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் உட்காருகிறார்கள். தேய்த்துக்கொண்டவர்கள் துண்டோடு வந்து அந்த மேஜையில் சாய்ந்துதான் அறைச் சாவி கேட்கிறார்கள். மேஜைக்கடியில் இருந்த ஃபேன் சீசன் முழுக்க அவர்களோடு சேர்ந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டு, ஆனால் குளிக்காமலே இருந்திருக்கிறது.

கையில் இருந்தது மலிவு ஃபேன் மட்டும். அது கத்தும் என்று முன்கூட்டியே சொன்னேன். "யோவ், அருவி விழுந்துக்கிட்டு இருக்கையில உம்ம ஃபேன் சத்தத்த எவன் கேக்கப்போறான்?" என்று சிரித்தார். உண்மைதான், செல்போன் மீட்டரை எடுத்து நீட்டினேன், அது அருவியை மட்டும்தான் அளந்தது. சீசன் முடிந்து ஊர் அடங்கிய பிறகு அவரிடமிருந்து வந்த போன் வேறு மாதிரி இருந்தது: "அருவில தண்ணி நின்னுட்டு, உம்ம ஃபேன் நிக்கல. மொதல்ல வந்து கழத்தும் அத."

தறி நின்றதும்

வியாழக்கிழமை மதியம் பெட்டியையும் வென்ற ஃபேனையும் எடுத்துக்கொண்டு கடையநல்லூர் போனோம். ஷமீமாவின் மாமியார் டீ கொடுத்தார். பதிவு செய்கிற அறை பின்பக்கம். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு மேஜை, சுற்றிலும் போர்வைகள், சன்னல் இடுக்கில் பழந்துணி. எதிரொலி வராமலிருக்க அந்தப் பெண் யாரையும் கேட்காமல் செய்துகொண்ட ஏற்பாடு. ஃபேனை மாட்டினோம். இசக்கி தலையை ஆட்டினார், நான் தலையை ஆட்டினேன். ஒரு சத்தமும் இல்லை. பக்கத்து வீட்டில் கைத்தறி ஓடிக்கொண்டிருந்ததை நாங்கள் இருவரும் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. "தறி நிக்கட்டும் தம்பி, அப்பறம் கேளுங்க" என்றார் மாமியார். தறிக்காரர் தொழுகைக்குப் போகிற நேரத்தில்தான் ஷமீமா எப்போதும் பதிவு செய்வாராம்.

தறி நின்றது. ஷமீமா வாசிக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் எங்கள் முதல் பரிசு ஃபேன் மெல்ல எழுந்து, ஏறி, கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏறியது. ஒரே சீராகக் கத்தினாலாவது காது பழகிக்கொள்ளும், இது ஆலாபனை. ஷமீமா வாசிப்பதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார். மறுநாள்தான் கடைசி நாள். இசக்கி சட்டையில் வியர்வையைத் துடைத்தபடி போர்வைகளை அண்ணாந்து பார்த்தார். "நம்ம கடையில ஜெயிச்சது இந்த ஃபேன் இல்ல, அண்ணாச்சி. செங்கோட்டைக் காத்து."

எந்தக் கம்பெனி?

வெள்ளிக்கிழமை ஜும்மா நேரம்தான் தறி அதிக நேரம் நிற்கும். அதற்குள் ஒவ்வொரு ஃபேனாக மாற்றி, அதே பாடத்தை அதே அறையில் பதிவு செய்து பார்ப்பது என்று முடிவு செய்தோம். இனி அருவியும் வேண்டாம், காலண்டரும் வேண்டாம். மலிவானது குற்றாலத்தில் இருந்ததால் மிச்சம் மூன்று. மாமியார் குக்கரை இறக்கி வைத்துவிட்டு, வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களைச் சைகையால் திருப்பி அனுப்பினார். இசக்கி முதலில் பெட்டியோடு வந்த ஃபேனை வைத்தார், பிறகு உயர்ந்த விலை, கடைசியாக நடுத்தரம். அறையில் காற்றே இல்லை. மூன்றாவது முறை மாட்டும்போது அவர் கை வியர்வையில் வழுக்கிக்கொண்டிருந்தது.

மூன்று பதிவுகளையும், எது எந்த ஃபேன் என்று சொல்லாமல், ஷமீமா கணவருக்கு அனுப்பினார். அவருக்கு அன்று விடுமுறை. இரைச்சலைக் கேட்டே மோட்டாரின் நோயைச் சொல்கிற தொழில். எங்கள் மூவரையும்விட நல்ல காது. உடனே கூப்பிட்டார், ஷமீமா ஸ்பீக்கரில் போட்டார். ஒன்றாவது கொசு, இரண்டாவது குறட்டை என்றார். மூன்றாவதைப் பற்றிக் கேட்டதும் குரலே மாறியது. "மூணாவது அபாரம். சத்தமே இல்ல. அது எந்தக் கம்பெனி அண்ணாச்சி? எங்க ரூமுக்கே ஒண்ணு வாங்கணும்."

நான் பெருமையோடு நடுத்தர ஃபேனின் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். பெட்டியைத் திறந்திருந்த இசக்கி என் சட்டையைப் பிடித்து இழுத்தார். உள்ளே ஃபேனின் ஒயர் எதிலும் மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. எச்சரிக்கையை நான்தான் திங்கட்கிழமையே அணைத்துவைத்திருந்தேனே. "அண்ணாச்சி," என்றார் மெதுவாக, "அது எந்தக் கம்பெனியும் இல்ல."

மூச்சு விடும் நேரம்

ஃபேன் இல்லாமல் ஒரு முழுப் பாடம் ஓடியிருக்கிறது. ப்ராசசர் வெந்திருக்கும் என்று திரையைப் பார்த்தேன். அறுபத்தெட்டு டிகிரி. தொண்ணூறைத் தாண்டினால்தான் ஆபத்து. அப்போதுதான் உறைத்தது. குரலைப் பதிவு செய்வது கம்ப்யூட்டருக்கு ஒரு வேலையே இல்லை. நாங்கள் கடையில் சூடாக்கிப் பார்த்தது போல ஷமீமா ஒருநாளும் அதைச் சூடாக்கப்போவதில்லை. ஐம்பதைத் தொட்டாலே பதறிக்கொண்டு ஓடும்படி அமைப்பு இருந்ததால்தான் ஃபேன் சும்மா சும்மா கத்தியிருக்கிறது.

தறிக்காரர் திரும்ப இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. நடுத்தர ஃபேனின் ஒயரை ஒழுங்காக மாட்டி, எச்சரிக்கையையும் திரும்பப் போட்டேன். சூடு எழுபத்தைந்தைத் தொடும்வரை அசையாதே, அதற்குப் பிறகு மெதுவாகச் சுற்று என்று அமைத்தேன். ஷமீமா தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தார். வாசித்தார். நானும் இசக்கியும் கதவுக்கு வெளியே செருப்பைக்கூட நகர்த்தாமல் நின்றோம். கடைசி வாக்கியம் முடிந்தது. ஒரு கொசுவும் இல்லை. பதிவை அவர் கோப்பாக மாற்றத் தொடங்கிய பிறகுதான், பெட்டிக்கு உண்மையான வேலை வந்து, ஃபேன் மெல்லச் சுற்றியது. மாமியார் எட்டிப் பார்த்தார்: "இவ வாசிச்சு முடிக்கங்காட்டியும் அடக்கி வச்சிருந்து, இப்பத்தான் அதுவும் மூச்சு விடுது."

பக்கத்து வீட்டில் தறி மறுபடி தொடங்கும்போது பதிவு சென்னைக்குப் போய்விட்டிருந்தது.

ஸ்டுடியோ முகவரி

சனிக்கிழமை கடையில் சாரலுக்குக் கதவைப் பாதி சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தோம். இருவருக்கும் வேலை ஓடவில்லை. போன் அடித்ததும் இசக்கி எடுத்து என்னிடம் நீட்டினார். ஷமீமாதான். பதிவை ஏற்றுக்கொண்டார்களாம்; மிச்சப் பாடங்களையும் அனுப்பிவைத்திருக்கிறார்களாம். சத்தம் இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே, எந்த ஸ்டுடியோவில் எடுத்தீர்கள் என்று வேறு கேட்டார்களாம். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "கடையநல்லூர்லன்னு மட்டும் சொன்னேன், அண்ணாச்சி. பீரோவுக்கும் செவுத்துக்கும் நடுவுலன்னு சொல்லல."

ஒரு டிபன் பாக்ஸ் பெட்டிக்காக நான்கு ஃபேன்களை ஊர் ஊராகத் தூக்கி அலைந்து கடைசியில் நாங்கள் கண்டுபிடித்தது, வேலை இல்லாத நேரத்தில் ஃபேன் சும்மா இருந்தால் போதும் என்பதைத்தான்; அதையும் ஓர் ஒயரை மாட்ட மறந்ததால்தான் கண்டுபிடித்தோம்.