இரண்டாவது அம்பு

சங்கராபுரத்தில் எங்கள் தெருமுனை இரும்புக்கடை பாய், ஞாயிற்றுக்கிழமை வரப்போகும் சம்பந்தி வீட்டாருக்குக் காட்டுவதற்காக ஒரு மடக்குக் கத்தியை எடுத்து வைத்திருந்தார். பர்மா சண்டையில் அவருடைய தாத்தாவின் வீரத்தைப் பார்த்து ஒரு வெள்ளைக்கார அதிகாரி பரிசாகக் கொடுத்ததாம். அவருடைய மனைவியின் தம்பி மட்டும் நம்பவில்லை.

“இன்னா மச்சான், எந்தச் சந்தையிலயோ வாங்கிக்கினு வந்துட்டு வெள்ளைக்காரன் குடுத்தான்ற? சம்பந்தி முன்னாடி நான் சிரிச்சிட்டா கோச்சிக்கக்கூடாது.”

தெருவில் பழைய கத்திகளைப் பற்றி ராத்திரி பகலாக இணையத்தில் படிப்பவன் நான் ஒருவன்தான். தீர்ப்பு என்னிடம் வந்தது.

கட்டம் போட்ட கறுப்புப் பிடி, தகர டப்பா திறக்க ஒரு நாக்கு, கயிற்று முடிச்சை அவிழ்க்க ஒரு தடித்த ஊசி. பிரிட்டிஷ் பட்டாளத்துக் கத்திக்கு எல்லாம் பொருந்தியது. அலகை விரித்து, அடிப்பக்கத்துத் துருவை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். ஒரு சின்ன அம்புக்குறி தெரிந்தது. அரசாங்கச் சொத்து என்பதற்கான முத்திரை. பக்கத்தில் ஆண்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது சொச்சம். கடைசி இலக்கம் தேய்ந்து மூன்றா ஐந்தா என்று தெரியவில்லை. எதுவானாலும் இரண்டாம் உலகப்போர்தான்.

“அசல், பாய்!” என்று கத்திவிட்டேன்.

பாய் மூன்று டீ சொன்னார். மச்சினனுக்கும் சேர்த்துச் சொன்னதுதான், நம்பாத மச்சினனுக்குத் தண்டனை.

டீ வரும்வரை நான் சும்மா இருந்திருக்கலாம். இன்னும் கொஞ்சம் துடைத்தேன். முதல் அம்போடு மூக்கை இடித்துக்கொண்டு இன்னொரு அம்பு வந்தது.

“இது இன்னா தம்பி, ரெண்டு அம்பு? டபுள் அசலா?” என்றார் பாய்.

“இல்லீங்க பாய். இப்படி எதிரும் புதிருமா அடிச்சிருந்தா, பட்டாளத்துக்கு வேணாம்னு வித்துட்டாங்கன்னு அர்த்தம்.”

“வித்துட்டாங்களா?”

“பரிசா குடுத்திருந்தா இதை அடிச்சிருக்க மாட்டாங்க.”

மச்சினன் டீயைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சிரித்தார்.

பாய் கத்தியை இரண்டு முறை மடக்கி விரித்தார். “வித்தான்ல? வாங்குனது யாரு? எங்க தாத்தா. சண்டை யாரு வேணா போடுவான். வெள்ளைக்காரன்கிட்ட பேரம் பேச ஆளு வேணும்டா.”

மச்சினன் கீழே வைத்த டீயை மறுபடி எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வந்த சம்பந்தி வீட்டாரும் வியாபாரிகள்தான். கதையை இரண்டாம் முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்களாம்.

திங்கட்கிழமை கரியாலூரிலிருந்து அருவாள் வாங்க வந்தவரிடமும் பாய் கத்தியைக் காட்டினார். அவர் பொறுமையாக முழுக்கக் கேட்டார்.

“வெள்ளைக்காரனே கொறைச்சிக் குடுத்திருக்கான். உங்களுக்கு இன்னா பாய்?”

பாய் குறைத்துக் கொடுத்தார்.