மூன்றாம் ஓலை

ஞாயிறு காலை எட்டு மணி நாற்பது நிமிடம். நான் ஆலயத்துச் சுவர்க்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உபதேசியார் என் மகளின் கல்யாண ஓலையை மூன்றாவது முறையாக வாசித்து முடித்து, தடை சொல்ல யாரும் உண்டா என்று கேட்டார். எங்கள் சபையில் மூன்று ஞாயிறு அப்படி வாசித்து, மூன்றாவதும் தடையின்றி முடிந்தால்தான் தாலி. அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. அன்று பெரிய கிராணி எழுந்தார். தோட்ட அலுவலகத்திலும் அவர்தான் தலை, சபையிலும் அவர்தான் மூப்பர்.

"மாப்பிள்ளை ஓய்வுநாளை மீறுறாருங்க. ஓலை வாசிக்க ஆரம்பிச்சதுலேருந்து ஆராதனைப் பக்கமே காணோம். ஞாயித்துக்கிழமையும் வேலை."

பொய்யில்லை. மாப்பிள்ளை மலாயாவில் பெக்கோக் பக்கத்தில் எங்கள் ரப்பர்த் தோட்டத்துக்கு டிரெஸ்ஸர்; டாக்டர் இல்லாத இடத்தில் மருந்து கொடுத்துக் காயம் கட்டுகிறவர். கூலிகள் குடியிருக்கும் லயங்களில் சீதபேதி. உதவிக்கு ஆள் இல்லாததால் மலச்சட்டியைக்கூட அவரே தூக்கிக்கொண்டிருந்தார். இதே மூப்பர்தான் சென்ற மாதம் பிரசங்க மேடையில் நின்று, கிறிஸ்தவன் கை சும்மா இருக்கலாகாது, உழைப்பும் ஒரு ஜெபம் என்று எங்களுக்குப் போதித்தவர்.

பின்வரிசையில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "பேதி அள்ளுற கையில மோதிரம் போட்டா நிக்குமாடி?" இரண்டு பேர் சிரித்தார்கள். ஆலயத்துக்குள் இருந்துகொண்டு சிரித்தார்கள்.

மூப்பர் தீர்ப்பும் சொல்லிவிட்டார். மதியத்துக்குள் மாப்பிள்ளை சபையார் முன் வந்து, இனி ஞாயிறு வேலை செய்வதில்லை என்று வாக்குக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஓலை செல்லாது. சிங்கப்பூரிலிருந்து போதகர் வருவது எப்போதாவதுதான். கல்யாணத்துக்குக் குறித்த வருகிற புதன்கிழமை தவறினால் மறுபடி எப்போதோ. அதற்குள் ஊர் என் மகளை என்னவெல்லாம் பேசும்? கணவரை இழந்து, நான் தோட்டத்துப் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்து வளர்த்த ஒரே பெண்.

"நானே போய்க் கூட்டிட்டு வர்றேம்மா," என்று அவள் குடையைக்கூட எடுக்காமல் இறங்கிப் போனாள்.

மற்றவர்களை மூப்பர் தம் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவர் கோபம் ஓலையில் போய் விடியுமே என்று பயந்து போனேன். பின்கட்டில் லயத்துப் பெண்கள் இருவர் குந்தி அம்மியில் மசாலா அரைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி புகையில் இருமி இருமிக் கண்ணைத் துடைத்தாள். அடுப்பில் ஆட்டுக்கறி. பக்கத்து அடுப்பில், சாப்பிட்டபின் மூப்பர் குளிப்பதற்காக ஒரு அண்டா வெந்நீர்.

"டீச்சரம்மா, மனசுல வச்சுக்காதீங்க. கர்த்தருடைய நாளாச்சே," என்றார் மூப்பர், எலும்பை உறிஞ்சிக்கொண்டே.

"அரைக்கிறவங்களுக்கு இது யாருடைய நாளுங்க?"

"அவங்க நம்ம சபை இல்லீங்களே!"

உபதேசியார் தலையாட்டினார். மூப்பரின் விரல் இடுக்கில் வழிந்த நெய்யைப் பார்த்தேன். அந்தக் கையிலிருந்துதான் ஒவ்வொரு திருவிருந்திலும் அப்பத் தட்டை நான் வாங்கியிருக்கிறேன். சோற்றைப் பிசைந்தபடி வாசலையே பார்த்திருந்தேன். மாப்பிள்ளை வந்து வாக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். கொடுத்துவிட்டால் அந்த நோயாளிகள் என்ன ஆவார்கள் என்றும் பயமாக இருந்தது. எதைக் கேட்டு ஜெபிப்பது என்று புரியவில்லை.

பன்னிரண்டு அடிக்கும் முன்பே அவள் வந்தாள். தனியாக. சேலைக் கரை நனைந்து, பினாயில் நாற்றம் அடித்தது. மூப்பர் இலையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"எங்கம்மா மாப்பிள்ளை?"

அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னிடம்தான் சொன்னாள்.

"அவங்க இங்க வரத்தான் கிளம்பினாங்கம்மா. நான்தான் வர வேணாம்னு சொல்லிட்டேன். பின்கட்டுல பார்த்தேன், அந்த அண்டா வெந்நியக் கொடுக்கச் சொல்லுங்க. லயத்துல சீக்காளிங்களுக்குத் தண்ணி கொதிக்க வைக்க ஆளில்ல. நீங்களும் ஒரு பக்கம் பிடிங்க, போலாம்."