போளூர் லைனில் ஒரு கோளாறு

நான் நான்காம் வகுப்பு படித்தபோது, லண்டனில் நர்ஸாக இருந்த அத்தை எங்கள் நாயுடுபுரம் வீட்டுக்கு ஒரு சின்னப் பெட்டியை அனுப்பிவைத்தார். அவருடைய மகள், என்னைவிடச் சின்னவள், மலைக்கிராமமான போளூரில் பூண்டு விவசாயம் பார்த்த தன் அப்பாவிடம், என் மாமாவிடம், வளர்ந்தாள். அவள் நடக்கப் பழகுவதற்கு முன்பே அத்தை விமானம் ஏறிவிட்டார்.

போளூரில் இன்டர்நெட் கிடையாது, டெலிபோன் மட்டும்தான். எங்கள் வீட்டில் இரண்டும் இருந்தன. இரண்டையும் அந்தப் பெட்டியில் சேர்த்துவிட்டால், அத்தை இன்டர்நெட் வழியாக எங்கள் பெட்டிக்கு வந்து, எங்கள் லைனிலேயே போளூருக்குப் பேசலாம். வெளிநாட்டுக் கட்டணத்துக்குப் பயந்து அவசரமாக நலம் கேட்டுவிட்டு வைக்க வேண்டியதில்லை.

கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்த சித்தப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரு வயரை மோடத்திலும் இன்னொன்றைச் சுவரில் இருந்த டெலிபோன் சாக்கெட்டிலும் செருகினார். அதே லைனில் இருந்த எங்கள் பழைய போனை எடுத்து, இரண்டு பக்கமும் குரல் வருகிறதா என்று கேட்டுச் சொல்வது என் சோலி. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அத்தையின் குரல் பளிச்சென்று வந்தது. "சாப்பிட்டியா கண்ணு? அம்மா பேசுறேன். கேக்குதா?" போளூர்ப் பக்கம் ஒன்றுமில்லை. ஏதோ மூச்சு மாதிரி ஓர் இரைச்சல். அதையும் கோளாறில் சேர்த்துச் சொன்னேன்.

சித்தப்பா வயரை மாற்றினார். சாக்கெட்டைக் கழற்றி முனைகளைச் சுரண்டினார். அவரே போளூருக்குப் போன் போட்டுப் பார்த்தபோது மாமா நன்றாகப் பேசினார். பிறகு சித்தப்பா அத்தையை மறுபடி கூப்பிடச் சொன்னார். "பேசு தாயி, அம்மா லைன்ல இருக்கா" என்று மாமா சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அதற்கப்புறம் பழையபடி இரைச்சல்தான்.

"மாமா பேசுனா கேக்குது சித்தப்பா. அவ வாங்குனதும் லைன் போயிருது."

சித்தப்பா ஸ்க்ரூடிரைவரைப் பையில் போட்டு மூடினார். "பொட்டி நல்லாத்தான் இருக்கு. நீ போனை வையி" என்றார். அடுப்படியில் இருந்த அம்மா கேஸைக் குறைத்துவிட்டு வந்து, என் கையிலிருந்த ரிசீவரை வாங்கி வைத்தார்.

அதற்குப் பின் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் பெட்டியில், லைனில் ஆள் இருந்தால் எரியும் சிவப்பு விளக்கு வெகுநேரம் எரிந்தது. பழுதை முழுதாகச் சரிசெய்யாமலே சித்தப்பா போய்விட்டார் என்று பள்ளியில் எல்லோரிடமும் சொன்னேன். ஒரு பக்கம் மட்டும் கேட்கிற லைனில் அத்தை எதற்காக அவ்வளவு நேரம் பேசுகிறார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.